தரைக்கடியிலிருந்து வரும் ரேடான்: செமினி வீடுகளுக்குச் சில குறிப்புகள்

மலேசியாவில் செமினிக்குக் கிழக்கே எழும் தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல். கருங்கல்லில் சிறிதளவு யுரேனியம் உண்டு. அது சிதைந்து சிதைந்து வரும் வழியில் பிறக்கும் வாயுதான் ரேடான். நிறமும் இல்லை, மணமும் இல்லை. பல நாடுகளில் புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோயைத் தருவது இதுதான்.

1. முதலில் கீழ்த்தள அறையைப் பாருங்கள். மண்ணுக்கு மிக அருகில் இருப்பது அதுதான். மாடி ஏற முடியாத பாட்டிக்கு அந்த அறையைத்தானே கொடுத்திருக்கிறோம்!

2. ஏர்கோன் ஓடினால் காற்று மாறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சுவரில் மாட்டும் ஏர்கோன் அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றவிட்டுக் குளிர வைக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. காலையில் எழுந்ததும் சன்னலையும் எதிர்க் கதவையும் திறந்துவிடுங்கள். ஆனால் மறுபடி மூடினால் சில மணி நேரத்தில் வாயு திரும்பச் சேரும். அதனால் இரவிலும் சன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைப்பது நல்லது. மின்கட்டணம் கொஞ்சம் கூடும், கூடட்டும். புகைமூட்டத்துக்காக நாள்கணக்கில் அடைத்த வீட்டை, வானம் தெளிந்த அன்றே திறந்துவிடுங்கள்.

3. பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டிய வீடுகளில், பழைய தரையும் புதுத் தரையும் சேரும் இடத்தில் நூல் போல விரிசல் ஓடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஊதுபத்தியை அதன் அருகே பிடியுங்கள். புகை நேராக எழாமல் சாய்ந்தால் அங்கே காற்று வந்துபோகிறது. இதனால் ரேடானை அளக்க முடியாது. ஓட்டை இருக்கும் இடம் தெரியும், அவ்வளவுதான். சிலிக்கோன் பூசி அடையுங்கள். குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தையும் விடாதீர்கள்.

4. எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புகைபோக்கி விசிறியை மட்டும் ஓட்டாதீர்கள். அது தரைக்கடிக் காற்றையும் உள்ளே இழுக்கும்.

5. கருங்கல் சமையல் மேடையை உடைக்க வேண்டாம். பொதுவாக அதிலிருந்து வருவது மிகக் குறைவு.

6. அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். அளவியைப் படுக்கையறையில் வையுங்கள். குளியலறை, சமையலறை வேண்டாம். ஓரிரு நாள் கணக்கு போதாது, மூன்று மாதமாவது இருக்கட்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் சொன்ன அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரல். அது முடியாத நாடுகளிலும் 300-ஐத் தாண்டக் கூடாது.

7. வீட்டில் யாராவது புகைபிடித்தால் இந்தப் பட்டியலில் அதையே முதலில் நிறுத்துங்கள். புகைபிடிப்பவருக்கு ரேடானால் வரும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 25 மடங்கு.