கட்டில்ல இருக்கறவரைக் கேளு, தங்கச்சி!

நர்சிங் காலேஜ்ல எதிக்ஸ் பாடம் சீக்கிரமே முடிஞ்சிடும். தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு தவிர்த்தல், நீதின்னு நாலு தலைப்பு. 1979-ல பீச்சம்ப், சில்ட்ரெஸ்னு ரெண்டு அமெரிக்கர்கள் எழுதின புத்தகத்தால பரவினது. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணா போதும். பெங்களூருல டூட்டிக்குச் சேர்ந்த பிறகு அதே பாடம் வேற வேஷத்துல வரும். “சிஸ்டர், அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க.” “அம்மாவுக்கு விவரம் புரியாது, கையெழுத்த நானே போட்டுடறேன்.” “அந்த மூணாவது பெட்காரருக்கு என்ன வியாதி?”

கவனிச்சியா? எல்லாத்துலயும் பேசறது கட்டிலைச் சுத்தி நிக்கறவங்க. படுத்திருக்கறவர் வாயே திறக்கல. உடம்பு யாரோடதோ அவரை முதல்ல கேளு. அக்கா சொல்ற எல்லா டிப்ஸும் இதுக்குள்ளதான் அடங்கும்.

கேக்கணும்னா பாஷை வேணும். ஸ்டாஃப் ரூம்ல தமிழும் மலையாளமும் போதும், பேஷன்ட்கிட்ட போதாது. சேர்ந்த முதல் வாரமே கன்னடத்துல “நோவு இதெயா?”, “எல்லி நோவு?”, “அர்த்த ஆய்தா?” இந்த மூணையும் பழகிக்கோ. கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுப் பையனுக்கு இந்தி தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிடு. புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாரும் தலையாட்டத்தான் செய்வாங்க. “நாளைக்கு என்ன பண்ணப் போறாங்க, நீங்க சொல்லுங்க பாப்போம்”னு கேட்டுப் பாரு, அப்பத்தான் உண்மை தெரியும்.

கன்சென்ட் விஷயத்துல கொஞ்சம் நின்னு பேசணும். 2008 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் ஒரு டெல்லி வழக்குல தீர்ப்பு சொல்லிச்சு. 44 வயசுப் பெண், லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தாங்க. அவங்க மயக்கத்துல இருக்கும்போதே வெளியில இருந்த அம்மாகிட்ட சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துட்டாங்க. உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதப்போ, மயக்கம் தெளிஞ்சதும் தானே முடிவெடுக்கக்கூடிய ஒருத்தருக்காக வேற யாரும் சம்மதம் தர முடியாது, பரிசோதனைக்குத் தந்த சம்மதம் ஆபரேஷனுக்குச் செல்லாதுன்னு கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. பெத்த அம்மாவோட கையெழுத்தே செல்லலன்னா, அட்டெண்டரா வந்த மச்சானோட கையெழுத்தைப் பத்திச் சொல்லவே வேணாம்.

இதுல உன் பங்கு என்ன? ஆபரேஷனை விளக்கறது டாக்டர் வேலை. அவர் விளக்கினதைப் பாத்திருந்தா மட்டும் சாட்சிக் கையெழுத்துப் போடு. காலையில தியேட்டருக்குத் தயார் பண்ணும்போது பேஷன்ட் “இது எதுக்கும்மா?”ன்னு கேட்டுட்டா, அங்கேயே நிறுத்து. ப்ரீமெடிகேஷன் போடறதுக்கு முன்னாடி டாக்டருக்கு போன் பண்ணு. மருந்து ஏறி அரைத் தூக்கத்துல வாங்கற கையெழுத்துக்கு மதிப்பில்ல. தியேட்டர் லிஸ்ட் தாமதமாகும், நாலு பேர் முறைப்பாங்க. முறைச்சுட்டுப் போகட்டும்.

“சொல்லிடாதீங்க” கேஸ்தான் ரொம்பக் கஷ்டம். மகன் கெடுதல் நினைக்கல, பயப்படறாரு. அதுக்காக நீ பொய் சொல்லவும் வேணாம், ரிப்போர்ட்டைப் படுக்கையில போட்டு உடைக்கவும் வேணாம். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் பெரியவர் “எனக்கு என்னம்மா?”ன்னு கேட்டா, “உங்களுக்கு என்ன தோணுதுப்பா? எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?”ன்னு திருப்பிக் கேளு. பாதிப் பேருக்கு மேல ஏற்கெனவே யூகிச்சிருப்பாங்கங்கறது என் அனுபவம். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே நோட்ஸ்ல எழுதி, காலை ரவுண்ட்ஸ்ல டாக்டர்கிட்ட சொல்லு. குடும்பத்தோட உக்காந்து பேச டாக்டரே ஏற்பாடு பண்ணட்டும். “எல்லாத்தையும் மகன்கிட்டயே சொல்லுங்க, எனக்கு வேணாம்”னு அவரே சொன்னா, அதுவும் அவர் முடிவுதான், எழுதி வை. குணப்படுத்த முடியாத நிலைக்குப் போயிட்டா, மாரத்தஹள்ளியில இருக்கற கருணாஷ்ரயா புற்றுநோயாளிகளை இலவசமா பாத்துக்கறாங்கன்னும் குடும்பத்துக்குச் சொல்லு.

ரகசியம் பத்தி ரெண்டே வரி. எச்ஐவி நிலையை வெளியில சொல்லக்கூடாதுன்னு 2017-லயே சட்டம் வந்தாச்சு, கட்டில்ல போர்டு மாட்டறதும் தப்புதான். வார்டு செல்ஃபியை ஸ்டேட்டஸ்ல போடாதே, பின்னாடி படுத்திருக்கறவர் உனக்கு அனுமதி தரல.

மருந்து மாறிட்டா? 1993 டிசம்பர்ல டெல்லி ஆஸ்பத்திரி ஒண்ணுல, டைபாய்டுன்னு சேர்த்த குழந்தைக்கு மருந்து மாறி ஊசி போட்டாங்க. குழந்தைக்கு இதயம் நின்னு, மூளை மீள முடியாதபடி பாதிச்சுது. ஊசி போட்ட நர்ஸ் எந்த நர்சிங் கவுன்சில்லயும் பதிவு பண்ணாதவங்க. 1998-ல சுப்ரீம் கோர்ட் ஆஸ்பத்திரியைப் பொறுப்பாக்கி, குழந்தைக்கு 12.5 லட்சம், பெத்தவங்களுக்கு 5 லட்சம் நஷ்டஈட்டை உறுதி பண்ணிச்சு. தமிழ்நாட்டுல பதிவு பண்ணிட்டு வந்திருந்தா, கர்நாடகா நர்சிங் கவுன்சில் பதிவையும் முதல்ல முடிச்சுடு. மருந்து ஆர்டர்ல கையெழுத்து புரியலன்னா எழுதினவரையே கேளு. போன்ல ஆர்டர் சொன்னா திருப்பிச் சொல்லி உறுதி பண்ணு. தப்பு நடந்துட்டா அந்த நிமிஷமே டாக்டரைக் கூப்பிடு, கேஸ் ஷீட்டைத் திருத்தாதே. பேஷன்டுக்கும் விஷயத்தைச் சொல்லணும்னு டாக்டர்கிட்ட நீயே கேளு.

கடைசியா ஐசியூ. நம்ம துறை மறக்கக்கூடாத பேர் அருணா ஷான்பாக். கர்நாடகாவோட ஹல்திபூர்ல பிறந்து மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவங்க. 1973 நவம்பர்ல நடந்த கொடூரத் தாக்குதல்ல நினைவிழந்த பிறகு 2015-ல இறக்கற வரைக்கும், சுமார் 42 வருஷம், அதே ஆஸ்பத்திரி நர்ஸுங்கதான் பாத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு உணவை நிறுத்தக் கோரின மனுவை 2011-ல சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கல. அவங்க சார்பா பேச உரிமை கேஇஎம் ஊழியர்களுக்குத்தான்னு சொல்லிச்சு. அருணாவோட விருப்பம் என்னன்னு அவங்களைக் கேக்க வழியே இல்லாம போனதுதான் அந்த வழக்கோட வேதனை.

அந்த வழியை சுப்ரீம் கோர்ட்டோட 2018 தீர்ப்பு திறந்துச்சு, 2023-ல நடைமுறையைச் சுலபமாக்கினாங்க. 18 வயசு ஆன யாரும் ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்துப் போட்டு, நோட்டரிகிட்டயோ கெசட்டட் அதிகாரிகிட்டயோ சான்று வாங்கி, பேச முடியாத நிலை வந்தா தனக்கு என்ன சிகிச்சை வேணும், வேணாம்னு லிவிங் வில் எழுதி வைக்கலாம். 2025 ஜனவரி 30-ல கர்நாடக சுகாதாரத் துறையும் இதுக்குச் சுற்றறிக்கை விட்டிருக்கு. உயிர்காக்கும் கருவியை விலக்கணும்னா ரெண்டு மருத்துவக் குழுக்கள் சம்மதிக்கணும், மாஜிஸ்திரேட்டுக்கும் தகவல் போகணும். அதனால “இந்த பேஷன்டுக்கு சிபிஆர் வேணாம், மெதுவா பாத்துக்கோங்க”ன்னு யாராவது வாயால சொன்னா ஒத்துக்காதே. கேஸ் ஷீட்ல டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டாதான் அது ஆர்டர். எழுத மறுத்தா, அந்த ராத்திரியே இன்சார்ஜ் சிஸ்டரையும் நர்சிங் சூப்பரின்டெண்டென்டையும் எழுப்பு. எழுப்பினதுக்காக யாரும் உன்னை வேலையை விட்டு அனுப்ப மாட்டாங்க.