சமவெளி மட்டும்தான் காரணமா? ஆம்ஸ்டர்டாம் மிதிவண்டி நகரமான வரலாறு

"ஆம்ஸ்டர்டாம் நகரில் ஏன் இத்தனை பேர் மிதிவண்டி ஓட்டுகிறார்கள்?" என்று சமூக அறிவியல் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நெதர்லாந்து தாழ்வான சமவெளி என்று படித்த மாணவர்கள், "அங்கே மேடு பள்ளம் இல்லை, அதனால்தான்" என்பார்கள். விடை தவறில்லை. ஆனால் அது முழு விடையும் இல்லை. 1960களிலும் அந்நகரம் சமதளமாகத்தான் இருந்தது. ஆனாலும் அப்போது அங்கே மிதிவண்டிகள் குறைந்துகொண்டே வந்தன. ஒன்று நடப்பதற்கு இடம்தரும் சூழல் வேறு, அதை நடத்திய காரணம் வேறு. இந்த வேறுபாட்டை மாணவர் உணர்வதே இப்பாடத்தின் நோக்கம்.

ஏற்றமும் இறக்கமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிதிவண்டியின் விலை குறைந்தது. தொழிலாளர், எழுத்தர், மாணவர் என எல்லோரும் அதில் சென்றனர். 1924இல் நெதர்லாந்து அரசு மிதிவண்டிக்கு வரி விதித்தது. வரி கட்டியதற்கு அடையாளமாக ஓர் உலோக வில்லை தரப்பட்டது. வரி விதிக்கும் அளவுக்கு மிதிவண்டி பெருகியிருந்தது என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வருமானம் உயர்ந்தது, கார்கள் பெருகின. குறுகிய தெருக்கள் அவற்றுக்குப் போதவில்லை. போக்குவரத்துக்காகக் கால்வாய்களை மூடிச் சாலையாக்கலாம் என்று 1954இல் நகரக் காவல்துறைத் தலைவரே யோசனை கூறினார். 1965இல் 'புரோவோ' என்னும் இளைஞர் குழு இதற்கு நேர்மாறான யோசனை ஒன்றை வைத்தது. வெள்ளை வண்ணம் பூசிய, பூட்டாத மிதிவண்டிகளை யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம் என்பதே அது. பூட்டாமல் விடுவது விதிக்கு முரண் என்று காவல்துறை அவற்றைப் பறிமுதல் செய்தது. ஆனால் அந்த எண்ணம் மறையவில்லை. இன்று பல நாடுகளில் உள்ள பொது மிதிவண்டித் திட்டங்களின் முன்னோடியாக அது கருதப்படுகிறது.

குழந்தைகள் கேட்ட தெரு

1971ஆம் ஆண்டில் மட்டும் நெதர்லாந்துச் சாலைகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பள்ளிக்குச் செல்லும் வழியில் மகளைப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் அடுத்த ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்னும் அதன் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் வீதிக்கு வந்தனர்.

நெரிசல் மிகுந்த 'டெ பைப்' பகுதிச் சிறுவர்களும் சும்மா இருக்கவில்லை. விளையாட இடம் வேண்டும் என்று கையெழுத்து வாங்கினர். தெருவை மறித்து நின்றனர். காரோட்டிகள் கோபப்பட்டனர். 1972இல் எடுக்கப்பட்ட தொலைக்காட்சி ஆவணப்படத்தில் இதை இன்றும் காணலாம்.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. எரிபொருளைச் சேமிக்க அரசு காரில்லா ஞாயிறுகளை அறிவித்தது. அத்தகைய முதல் ஞாயிறு நவம்பர் 4. வெறுமையான நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தனர், மிதிவண்டி ஓட்டினர். சாலை வேறு மாதிரியும் இருக்கலாம் என்பதைக் கண்ணால் கண்டனர்.

1975இல் மிதிவண்டி ஓட்டுவோர் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். 1970களின் இறுதியில் நகராட்சியின் கொள்கை மாறத் தொடங்கியது. தனி மிதிவண்டிப் பாதைகள், வேகக் கட்டுப்பாடு, கார் நிறுத்தக் கட்டுப்பாடு ஆகியவை பல ஆண்டுகளில் படிப்படியாக வந்தன. பள்ளிகளும் பங்கேற்றன. அந்நாட்டில் தொடக்கப் பள்ளியின் மேல்வகுப்புக் குழந்தைகள் போக்குவரத்துத் தேர்வு எழுதுகிறார்கள். பல இடங்களில் சாலையில் மிதிவண்டி ஓட்டியும் காட்டுகிறார்கள்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. காலக்கோடு: 1924, 1954, 1965, 1971, 1972, 1973, 1975 ஆகிய ஆண்டுகளையும் நிகழ்வுகளையும் தனித்தனி அட்டைகளில் எழுதிக் கொடுங்கள். குழுக்கள் அவற்றை வரிசைப்படுத்தி, 'சூழல்', 'காரணம்', 'விளைவு' எனப் பிரிக்கட்டும். ஓர் அட்டை இரண்டு பிரிவிலும் பொருந்துகிறது என்று குழுக்கள் வாதிட்டால் தடுக்க வேண்டாம். கற்றல் அங்கேதான் நிகழ்கிறது.

2. என் பள்ளி வழி: ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து பள்ளி வரை உள்ள வழியை வரைந்து, பயம் தரும் இடங்களைச் சிவப்பால் குறிக்கட்டும். எல்லாப் படங்களையும் சுவரில் ஒட்டினால், ஒரே வளைவில் பல சிவப்புப் புள்ளிகள் சேர்வதைக் காணலாம்.

3. மனு எழுதுதல்: அந்த இடத்துக்கு வேகத்தடையோ எச்சரிக்கைப் பலகையோ கேட்டு மாணவர்கள் மனு எழுதட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் வழியாக அதை உள்ளாட்சி அமைப்பிடம் சேர்க்கலாம். நகலைக் கோப்பில் வைத்து, பதில் வந்ததா என்று மாதம் ஒருமுறை வகுப்பில் கேளுங்கள்.

மதிப்பீட்டு வினாக்கள்

• எண்ணெய் நெருக்கடி மட்டும் வந்திருந்து, பெற்றோர் போராடாமல் இருந்திருந்தால் நகரம் மாறியிருக்குமா? காரணம் கூறுக.

• 1965இல் ஏற்கப்படாத யோசனை பின்னர் ஏற்கப்பட்டது ஏன்?

பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி பெறும் நம் மாணவர் பலர் லாரிகளும் பேருந்துகளும் விரையும் சாலையோரமாகவே பள்ளிக்கு வருகின்றனர். வண்டி கையில் இருக்கிறது. பாதுகாப்பான வழியும் வேண்டும். அதைக் கேட்கலாம், கேட்டுப் பெற்றவர்கள் உண்டு என்பதை இப்பாடம் அவர்களுக்குச் சொல்லட்டும்.