ஏறாத மலைகள்

தீர்த்தம் என்னும் வடசொல்லுக்கு ஆற்றைக் கடக்க உதவும் துறை என்பது ஒரு பொருள். இக்கரையில் நிற்பவனை அக்கரை சேர்க்கும் இடமே தீர்த்தம். தீர்த்த யாத்திரை என்று நாம் பல ஊர்களுக்கும் செல்கிறோம். சென்று வந்த தலங்களை எண்ணிக்கையாகவும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அங்கே எதைக் கடந்தோம் என்ற கேள்வியை நம்மிடமே கேட்டுக்கொள்வது அரிது.

இக்கேள்வியைச் சிந்திக்க, உலகின் புனித மலைகள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம். இவற்றை வணங்குவோர் இவற்றின் உச்சியில் கால் வைப்பதில்லை.

இவற்றுள் நமக்கு மிகவும் அறிமுகமானது திருக்கயிலாயம். மேற்குத் திபெத்தில் 6,638 மீட்டர் உயரத்துடன் நிற்கும் இம்மலை, எவரெஸ்ட் சிகரத்தைவிட ஏறத்தாழ 2,200 மீட்டர் தாழ்ந்தது. ஆகவே அதன் பெருமை உயரத்தால் வந்ததன்று. சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா, கர்ணாலி ஆகிய நான்கு ஆறுகள் அதன் சுற்றுப்புறத்தில் தோன்றுகின்றன. இந்துக்களுக்கு அது சிவபெருமானின் இருப்பிடம். திபெத்திய பௌத்தர்களுக்குச் சக்ரசம்வரர் உறையும் மண்டலம். சமணர்களுக்கு, முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவர் முக்தி அடைந்த அஷ்டாபதம். திபெத்தின் தொன்மையான போன் சமயத்தினருக்கும் அது புனித மலையே.

இந்நான்கு சமயத்தினரும் அம்மலைக்குச் செய்யும் வழிபாடு ஒன்றுதான்: வலம் வருதல். சுற்றுப்பாதை ஏறக்குறைய 52 கிலோமீட்டர். இடையே 5,600 மீட்டருக்கும் உயரமான டோல்மா கணவாயைக் கடக்க வேண்டும். மூச்சு முட்டும் அந்த வழி முழுவதையும் சாஷ்டாங்கமாக விழுந்து எழுந்தே கடக்கும் திபெத்தியர்களும் உண்டு. போன் சமயத்தினர் இடப்புறமாகச் சுற்றுவர். ஆகவே இரு சாராரும் வழியில் எதிரெதிரே சந்தித்துக் கடந்து செல்கிறார்கள். நடக்கும் திசை மாறுபட்டாலும் இருவருக்கும் நடுவே இருப்பது ஒரே மலைதான்.

உலகின் மிக உயர்ந்த 14 சிகரங்களிலும் ஏறிப் புகழ்பெற்ற இத்தாலிய வீரர் ரெயின்ஹோல்ட் மெஸ்னருக்கு, 1980-களில் கயிலையில் ஏறும் வாய்ப்பு அளிக்கப்பட்டதென்றும் அவர் அதை மறுத்துவிட்டார் என்றும் கூறுவர். ஏற இயலாதவர் விலகுவதில் வியப்பில்லை. ஏற வல்லவர் விலகியதுதான் சாதகர் எண்ணிப் பார்க்க வேண்டியது.

நடுவில் யார்?

ஏறுவதற்கும் வலம் வருவதற்கும் உள்ள வேறுபாடு காலின் வேலையில் இல்லை. உச்சியை வென்றேன் என்பவனுக்கு மலை காலடியில் இருக்கிறது; ‘நான்’ மேலே நிற்கிறது. வலம் வருபவனோ மலையை நடுவில் வைத்துத் தன்னை ஓரத்தில் வைத்துக்கொள்கிறான். நாள் முழுவதும் நடந்தாலும் அவன் மலையைவிட ஓர் அடிகூட உயர்வதில்லை. நம் அன்றாட வாழ்வில் நடுவில் அமர்ந்திருப்பது பெரும்பாலும் ‘நான்’தான். வீடும் உறவும் தொழிலும், சில வேளைகளில் கடவுளும்கூட, அதைச் சுற்றி வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கும் பயிற்சியே பிரதட்சிணம்.

சிக்கிம் மக்கள் காவல் தெய்வமாக வழிபடும் காஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர் உயரமுடையது. உலகின் மூன்றாவது பெரிய சிகரம். 1955 மே 25 அன்று பிரிட்டிஷ் குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் பேண்ட், ஜோ பிரௌன் ஆகிய இருவரும் அதன் உச்சியை நெருங்கினர். உச்சிப் பனியில் கால் படாது என்று சிக்கிம் அரசருக்குக் கொடுத்திருந்த வாக்கின்படி, சில அடிகள் எஞ்சியிருக்கையில் நின்றுவிட்டனர். மறுநாள் சென்ற இருவரும் அவ்வாறே செய்தனர். காண யாருமற்ற அந்த உயரத்தில் அவர்களைத் தடுக்க எவர் இருந்தார்? பின்னர் வந்தவர்களில் பலரும் இம்மரபைப் பின்பற்றினர். 2001-இல் சிக்கிம் அரசு தன் எல்லையிலிருந்து அச்சிகரத்தில் ஏறுவதையே தடை செய்தது.

உலுரு தரும் பாடம்

ஆஸ்திரேலியாவின் நடுவே, சமவெளியிலிருந்து 348 மீட்டர் எழுந்து நிற்கும் செந்நிறப் பாறை உலுரு. அடிச்சுற்று 9 கிலோமீட்டருக்கும் அதிகம். அங்கே வாழும் அனங்கு என்னும் தொல்குடி மக்களுக்கு அதன் குகைகளும் சுனைகளும் மூதாதையரின் செயல்கள் பதிந்த இடங்கள். பயணிகள் ஏறிய வழி, மாலா என்னும் மூதாதையர் முதன்முதலில் உலுருவுக்கு வந்த வழி என்பது அவர்களது நம்பிக்கை. அவர்கள் அதில் ஏறுவதில்லை.

வெளியிலிருந்து வந்தவர்களோ 1964-இல் பாறையில் சங்கிலி பதித்து ஏறுவதற்கு வசதி செய்தார்கள். 1985 அக்டோபர் 26 அன்று நில உரிமை அனங்கு மக்களுக்குத் திரும்பியது. ஆயினும் ஏறும் வழி திறந்தே இருந்தது. ஏற வேண்டாம் என்று பலகை வைத்து வேண்டிக்கொண்டார்கள். வேண்டுகோளைப் படித்துவிட்டு அருகிலேயே சங்கிலியைப் பிடித்து ஏறியவர்கள் ஏராளம். அங்கே ஏறி உயிரிழந்தோர் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். அவ்வாறு யார் இறந்தாலும் அனங்கு மக்கள் துயருற்றார்கள். தங்கள் நிலத்துக்கு வந்தவர்களின் நலத்துக்குத் தாங்களே பொறுப்பு என்பது அவர்களது அறம். சொல்லைக் கேளாதவனுக்காகவும் வருந்தும் அந்த மனத்தை எவ்வாறு பாராட்டுவது!

2017-இல் பூங்காவின் நிர்வாகக் குழு ஒருமனதாக முடிவெடுத்து, 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவதை நிறுத்தியது. அதற்கு முந்தைய மாதங்களில், வாய்ப்புப் போய்விடுமே என்று ஏறுவதற்குப் பெருங்கூட்டம் திரண்டது. மறுக்கப்படும் என்று தெரிந்ததும் மும்மடங்காகும் ஆசைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இதற்கு மாறான செய்தியும் உண்டு. உலுருவிலிருந்து கல்லை எடுத்துச் சென்றவர்களில் சிலர், பல ஆண்டுகளுக்குப் பின் மன்னிப்புக் கடிதத்துடன் அதை அஞ்சலில் திருப்பி அனுப்புகிறார்கள். ஏறும் வழி மூடப்பட்ட பின்னும் பாறையைச் சுற்றி நடக்கும் பாதை எல்லாருக்கும் திறந்திருக்கிறது.

ஓர் ஐயம்

திருமலைக்கும் பழனிக்கும் சபரிமலைக்கும் நாம் ஏறித்தானே செல்கிறோம் என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. திருமலையைக் கால்களால் மிதிக்க மனமின்றி முழங்காலால் ஏறினார் ஸ்ரீ ராமானுஜர் என்று வைணவ மரபு கூறுகிறது. கயிலையில் கால் பதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்ற காரைக்கால் அம்மையாரைப் பெரியபுராணம் காட்டுகிறது. சிவபெருமான் அம்மையே என்று அழைத்தது அவ்வாறு வந்தவரைத்தான். பகவான் ரமணரோ அருணாசல மலையின் குகைகளில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். தாய்மடியில் இருக்கும் குழந்தை தாயை மிதித்தது என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே விலக்கப்படுவது ஏறுதல் அன்று. ஏறியவன் நான் என்ற நினைவே விலக்கப்படுகிறது.

இப்பாவனையைப் பழகத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கோயில் பிராகாரமே போதும். மூன்று சுற்று, ஒன்பது சுற்று என்ற கணக்கை முடிக்கும் அவசரத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு சுற்று மெல்ல நடந்து பாருங்கள். நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல் கிரிவலம் செய்ய வேண்டும் என்று ரமணர் கூறியதாக அன்பர்கள் குறித்துள்ளனர். அவ்வளவு மெதுவாக நடக்கும்போது, எந்த நினைவு நம்மை விரட்டுகிறது என்பது தானே தெரிந்துவிடும்.

2020 முதல் தடைப்பட்டிருந்த கயிலை மானசரோவர் யாத்திரை 2025-இல் மீண்டும் தொடங்கியிருக்கிறது. உடல்நிலையும் பொருள்நிலையும் இடங்கொடாததால் ஏங்கி நிற்கும் அன்பர்கள் பலர். அவர்களுக்கு முன்பே திருநாவுக்கரசர் முதிய வயதில் கயிலை நோக்கிப் புறப்பட்டார். கால் தேய்ந்தபின் கையாலும், கையும் சோர்ந்தபின் மார்பாலும், இறுதியில் புரண்டும் சென்றார். உறுப்புகள் எல்லாம் ஓய்ந்து கிடந்தவரை அங்கிருந்த பொய்கையில் மூழ்குமாறு இறைவன் பணித்தான். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். யானையும் கோழியும் குயிலுமாக, எதிர்ப்பட்ட உயிர்கள் யாவும் தத்தம் துணையோடு சிவசக்தி வடிவமாகவே அவருக்குத் தோன்றின. ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இந்தக் கயிலைக் காட்சி விழாவாகக் கொண்டாடப்படுகிறது.