வில்லும் நாணும் அம்பும்

மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்றினை உற்று நோக்கினால், வட்டத்தின் உறுப்புகள் பலவும் அதனிடத்தே புலப்படும். நடுவில் அச்சினை ஏற்று நிற்பது குடம். குடத்திலிருந்து விளிம்பை நோக்கிச் செல்லும் கட்டைகள் ஆரக்கால்கள். அவற்றின் முனைகளைப் பிணைத்து வளைந்து நிற்பது வட்டை. வட்டையின்மேல் இறுகப் பூட்டப்பட்டிருப்பது இரும்புப் பட்டை. இவ்வுருவத்தையே கணித நூல் தாளில் வரைகிறது. குடத்தின் நடுப்புள்ளியை மையம் என்றும், மையத்திலிருந்து விளிம்புவரை உள்ள தொலைவை ஆரம் என்றும், விளிம்பின் முழு நீளத்தைப் பரிதி என்றும் வழங்குகிறது. ஆரக்காலை அறிந்தவர் ஆரம் என்னும் சொல்லுக்குப் பொருளை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை.

ஒரு தளத்தில், நிலையான ஒரு புள்ளியிலிருந்து சம தொலைவில் அமைந்த புள்ளிகள் யாவும் சேர்ந்ததே வட்டம். ஆகவே ஒரு வட்டத்தின் ஆரங்கள் அனைத்தும் சமம். அவை சமமாக இல்லாவிடின், சக்கரம் உருளும்போது அச்சு ஏறியும் இறங்கியும் செல்லும். வண்டியில் இருப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் குலுங்குவர். சமதளமான சாலை சக்கரத்தை ஒரே புள்ளியில் தொடுவதால், அது தொடுகோட்டிற்கு எடுத்துக்காட்டாகும். தொடுபுள்ளிக்கு வரையப்படும் ஆரம் தொடுகோட்டிற்குச் செங்குத்தாக அமையும். அச்சுக்கு நேர்கீழே வரும் ஆரக்கால் நிமிர்ந்து நின்று பாரத்தைத் தாங்குவது இதனால்தான்.

வீட்டின் கூரையைத் தாங்கச் சுவருக்குச் சுவர் குறுக்கே இடப்படும் மரத்திற்கு விட்டம் என்று பெயர். வட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து மையத்தின் வழியே மறுபக்கத்தை அடையும் கோட்டிற்கும் அதுவே பெயர். விட்டம் ஆரத்தைப் போல இரு மடங்கு என்பது வெளிப்படை. விட்டத்தைப் போலப் பரிதி எத்தனை மடங்கு என்பதுதான் எளிதில் விடை தராத வினா.

பட்டை பூட்டும் கொல்லருக்கு இவ்வினா விளையாட்டன்று. 140 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்திற்குப் பரிதி விட்டத்தின் மூன்று மடங்கு எனக் கொண்டு, அவர் 420 செ.மீ. நீளத்தில் இரும்பை வெட்டினார் என்று கொள்வோம். உண்மையில் தேவைப்படுவது ஏறத்தாழ 440 செ.மீ. பட்டையைச் சற்றே சிறிதாகச் செய்து, நெருப்பில் காய்ச்சி விரியச்செய்து, சக்கரத்தின்மேல் ஏற்றி, நீர் ஊற்றிச் சுருங்கவைத்து இறுக்குவது தொழில்முறைதான். ஆயினும் வெப்பத்தால் அவ்விரும்பு சில செ.மீ. அளவே நீளும். இருபது செ.மீ. குறைவை எந்த உலையும் ஈடுசெய்யாது. வெட்டிய இரும்பு வீணாகும்.

கி.பி. 499ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபட்டரின் நூல் இவ்வளவைத் துல்லியமாகத் தருகிறது. நூறுடன் நான்கைக் கூட்டி, எட்டால் பெருக்கி, அறுபத்திரண்டாயிரத்தைச் சேர்த்தால், 20,000 விட்டமுள்ள வட்டத்தின் பரிதி கிடைக்கும் என்பது அவர் விதி. கணக்கிட்டால் 62,832 வரும். அதனை 20,000ஆல் வகுத்தால் 3.1416. இதனை முற்றிலும் சரியான அளவு என்று அவர் கூறவில்லை. உண்மையை அண்மிய அளவு என்றே குறித்தார். அந்த ஒரு சொல்லில் கணிதப் புலவரின் நேர்மை விளங்குகிறது.

பரிதியின் ஒரு பகுதி வில் எனப்படும். வில்லின் இரு முனைகளையும் இணைக்கும் நேர்க்கோடு நாண். விட்டமும் ஒரு நாணே. வட்டத்தில் அதனினும் நீண்ட நாண் இல்லை. நாணும் வில்லும் அடைக்கும் பகுதி வட்டத்துண்டு. இரு ஆரங்களும் வில்லும் அடைக்கும் பகுதி வட்டக்கோணப்பகுதி. மாணவர் பலர் இவ்விரண்டையும் மாற்றி எழுதுவதுண்டு. ஆரங்கள் உள்ளனவா என்று பார்த்தால் ஐயம் நீங்கும். வடமொழியிலும் நாணுக்கு வில்லின் நாணைக் குறிக்கும் ஜ்யா என்னும் சொல்லே வழங்கிற்று. அச்சொல் அரபு மொழிக்குச் சென்று, அங்கே வேறொரு சொல்லாகப் பிழைபடப் படிக்கப்பட்டு, அப்பிழையின் பொருள் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, சைன் என்னும் பெயராக நம் வகுப்பறைக்குத் திரும்பியுள்ளது.

வில்லும் நாணும் இருந்தால் அம்பும் வேண்டுமன்றோ? நாணின் நடுப்புள்ளியிலிருந்து வில்லின் நடுப்புள்ளிவரை செங்குத்தாக உள்ள தொலைவை வடமொழிக் கணிதர் சரம், அதாவது அம்பு, என்றனர். நாண் ஒன்று வட்டத்தை இரு வில்களாகப் பிரிப்பதால் அம்புகளும் இரண்டு. அவ்விரு அம்புகளின் பெருக்கற்பலன் பாதி நாணின் வர்க்கத்திற்குச் சமம் என்பது ஆரியபட்டர் தந்த மற்றொரு விதி. இரு அம்புகளும் சேர்ந்தால் விட்டமாகும் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

இவ்விதியின் பயன் அகழாய்வில் தெளிவாகும். குஜராத்திலுள்ள லோத்தல் போன்ற பழைய ஊர்களில் கிடைப்பவற்றுள் பல, முழுப் பானைகள் அல்ல, ஓடுகளே. வாய்விளிம்புள்ள ஓடு ஒன்று கிடைத்ததாகக் கொள்வோம். விளிம்பின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே நாண் 12 செ.மீ., அம்பு 2 செ.மீ. எனில், பாதி நாண் 6. அதன் வர்க்கம் 36. அதனை 2ஆல் வகுத்தால் மறைந்துபோன மறு அம்பு 18 செ.மீ. இரண்டையும் கூட்ட, பானையின் வாய் விட்டம் 20 செ.மீ. எனத் தெரியவருகிறது. கையளவு ஓட்டினைக் கொண்டே, அப்பானையின் வாய் எவ்வளவு அகன்றிருந்தது என்று கூறமுடிகிறது.

பயிற்சி

1. நாட்டுக்கொடியின் சக்கரத்தில் 24 ஆரங்கள் சம இடைவெளியில் உள்ளன. அடுத்தடுத்த இரு ஆரங்களுக்கு இடையே உள்ள மையக்கோணம் எத்தனை பாகை? அவற்றிற்கு இடைப்பட்ட பகுதி வட்டத்துண்டா, வட்டக்கோணப்பகுதியா? காரணம் தருக.

2. உடைந்த வளையல் துண்டொன்றின் நாண் 3.6 செ.மீ.; அம்பு 0.6 செ.மீ. வளையலின் விட்டம் காண்க.

3. ஆரம், பரிதி, நாண் ஆகிய சொற்களுக்குக் கணிதத்தில் வழங்கும் பொருளையன்றி வேறு பொருள் அமையுமாறு சொற்றொடர்கள் எழுதுக.