கடைசியாக வருகிறவரிடம் முதலில் கேள்

கோயம்புத்தூர்

அன்புள்ள கண்ணு,

உங்கள் ஓட்டக் குழு ஆண்டு மலர் போடப் போகிறது, எல்லாரிடமும் அனுபவங்களை வாங்கித் தொகுக்கும் வேலையை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று உன் அம்மா சொன்னாள். கிடைத்தவரை நீ அனுப்பியிருந்ததையும் படித்தேன். நல்ல வேலை, விட்டுவிடாதே. ஆனால் இப்படியே போனால் மலர் நன்றாக வராது என்று பெரியம்மா சொன்னால் வருத்தப்படாதே.

வந்திருப்பதெல்லாம் ஒரே வார்ப்பு. உடம்பு பெருத்திருந்தது, டாக்டர் எச்சரித்தார், ஷூ வாங்கினேன், பத்து கிலோமீட்டர் ஓடினேன், அப்புறம் அரை மாரத்தான், அப்புறம் 42.195, கடைசியில் மெடலோடு ஒரு படம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நாளைக் காலை ஓடிப் பார்க்கலாமா என்று துடியலூரிலோ சிங்காநல்லூரிலோ யோசித்துக்கொண்டிருக்கிற ஒருத்திக்கு இதைப் படித்து என்ன கிடைக்கும்? நீங்கள் அஞ்சு மணிக்குக் கிளம்பிப் போனபோது வீட்டில் பாலை யார் காய்ச்சினார்கள், மாமியார் முதல் மாசம் என்ன சொன்னார், மூணாவது மாசம் என்ன சொன்னார், அதைத்தான் அவள் தெரிந்துகொள்ள நினைப்பாள். அதை யாரும் எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதால்தான் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் ரேஸ் கோர்ஸ் பக்கம் போய் ஒரு மரத்தடியில் நின்று பார். வேகமாகப் போகிறவர்கள் வாட்சைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார்கள், அவர்கள் டைமிங் எப்படியும் உனக்கு வந்து சேரும். பின்னால் வருகிறவர்களைக் கவனி. சுடிதார் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு, ஒரு விளக்குக் கம்பம் வரை ஓட்டம், அடுத்த கம்பம் வரை நடை என்று வருகிற அம்மா ஒருத்தர் இருப்பார். பம்பு கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து நேரே வந்தவர் இருப்பார், அவர் பனியன் முதுகில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். தூங்கப் போகிற நேரத்தில் எதற்கு ஓடுகிறார் என்று கேட்டுப் பார். உன் மலரில் இருக்க வேண்டிய கதை அங்கே கிடைக்கும்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றால் எல்லாரும் மேடைப் பேச்சுக்குப் போய்விடுவார்கள். அவர் வேகத்துக்கு நீ இறங்கி, பக்கத்தில் ஓடு. மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் நீண்ட தூரத்துக்கு ஏற்ற வேகம் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள், பேட்டிக்கும் அந்த வேகமே போதும். முகம் பார்க்காமல் பேசும்போது மனுஷருக்குக் கூச்சம் குறைகிறது. சொன்னதைச் சொன்னபடி எழுது. ‘காலு ஒத்துக்கலீங்க, பாதியிலயே பஸ் ஏறிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் அதைத் திருத்திச் செய்தித்தாள் தமிழாக்காதே.

பெண்களிடம் நீதான் பேச வேண்டும், இதை ஆண்களிடம் விடாதே. 1966-இல் பாஸ்டன் மாரத்தானில் பாபி கிப் புதருக்குள் ஒளிந்திருந்து, கூட்டத்தோடு கலந்து ஓடினார். அடுத்த வருஷம் கேத்தரின் ஸ்விட்சர் 261 என்ற எண்ணைக் குத்திக்கொண்டு ஓடியபோது, ஓட்ட அதிகாரி ஒருவர் அதைப் பிய்த்து அவரை வெளியே தள்ளப் பார்த்தார். அந்தப் போட்டியில் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1972-இல்தான். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வர 1984 வரை ஆனது. அந்த அளவு தூரத்தைப் பெண் உடம்பு தாங்காது என்றே அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓடியவர்கள் தங்களுக்கு நடந்ததை வாய்விட்டுச் சொன்னதும், அது படமாகப் பேப்பரில் வந்ததும் அந்தப் பேச்சை மாற்றியதில் பெரும் பங்கு.

நம்மூரில் எண்ணை யாரும் பிய்க்க மாட்டார்கள். இங்கே தடை வேறு. எந்தத் தெருவில் விளக்கு எரிவதில்லை, எந்த முக்கில் நாய் கூட்டமாகத் துரத்தும், பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் கழிப்பறைக்கு எங்கே போவது, டீக்கடை வாசலில் என்ன பேச்சுக் கேட்டது, மாதவிலக்கு நாளில் ஓடுகிறார்களா இல்லையா, இதையெல்லாம் கேள். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் நடைபாதை போட்ட பிறகு எத்தனையோ பேர் அங்கே நடக்கவும் ஓடவும் வருகிறார்கள். இடம் ஒழுங்காக இருந்தால் பெண்கள் வருவார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். விளக்கில்லாத தெருக்களின் பட்டியல் ஒன்று உங்கள் மலரில் வந்தால், அதைக் கொண்டுபோய் மாநகராட்சியில் கொடுக்கலாம்.

ஆனால் ஒன்று. தனியாக ஓடுகிற பெண் எத்தனை மணிக்கு, எந்த வழியில் போகிறாள் என்பதை அச்சில் போடவே கூடாது. ஓடிய பாதையைப் பதிகிற ஸ்ட்ராவா செயலியின் வரைபடத்தை அப்படியே எடுத்து ஒட்டாதே, பாதை தொடங்குகிற புள்ளி பெரும்பாலும் வீட்டு வாசலாகவே இருக்கும். அந்தச் செயலியின் உலக வரைபடத்தை வைத்தே ராணுவ முகாம்கள் இருக்கிற இடங்களை 2018-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். ராணுவத்துக்கே அந்தக் கதி என்றால், கணபதியில் ஓடுகிற பிள்ளையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நோய், குடும்பச் சண்டை, இழப்பு எதை எழுதினாலும் அச்சுக்குப் போகும் முன் சொன்னவரிடமே படித்துக் காட்டு. எடுத்துவிடு என்றால் எடுத்துவிடு, காரணம் கேட்காதே.

வைத்திய விஷயத்தில் கண்டிப்பாக இரு. நீ அனுப்பியதில் ஒருவர், ஓட ஆரம்பித்ததும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறார். அவர் டாக்டரைக் கேட்டு நிறுத்தினாரா? கேட்டிருந்தால் அதையும் சேர்த்து எழுதச் சொல், இல்லாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடு. படிக்கிறவர்களில் ஒருவர் அதை நம்பி மாத்திரையை விட்டால் அந்தப் பாவம் நமக்கு. இன்னொருவர் ‘தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்’ என்கிறார். 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம்தான், அதாவது தேவைக்கு மேல் குடித்தவர்களிடம்தான், அது அதிகம். நம் வெயிலுக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டும். அதற்காக வயிறு முட்டக் குடிக்கச் சொல்லும் அறிவுரை ஆபத்து.

‘ஓடினால் முட்டி தேய்ந்துவிடும்’ என்ற பேச்சை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் எதிர்த்து எழுது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாதவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3. ஓட்டம்தான் காப்பாற்றியது என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனாலும் அளவோடு ஓடுகிறவரைப் பயமுறுத்த இதில் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே முட்டி வலி உள்ளவர் டாக்டரைப் பார்த்துவிட்டு ஓடட்டும் என்று பக்கத்திலேயே ஒரு வரி போட்டுவிடு.

வயசானவர்கள் கதை வாங்கும்போது ஃபௌஜா சிங்கை நினைத்துக்கொள். 1994-இல் மகனைப் பறிகொடுத்த துக்கத்திலிருந்துதான் அவர் ஓட்டத்துக்கு வந்தார். 2000-இல் லண்டனில் முதல் மாரத்தான் ஓடினார், 2011-இல் டொரன்டோவில் நூறு வயதுக்காரராக ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் அதைப் பதிவு செய்ய மறுத்தது. அதனால் அவர் ஓடியது ஓடாமல் போய்விடவில்லை, சான்று இல்லை என்பதும் இல்லாமல் போய்விடவில்லை. இரண்டையும் எழுத வேண்டும். உன்னிடம் ஒரு தாத்தா தன் வயதையோ தூரத்தையோ கூட்டிச் சொல்வதாகத் தோன்றினால் முகத்துக்கு நேரே மடக்காதே. ‘அவர் சொன்னபடி’ என்று எழுதினால் போதும். துக்கத்தை மட்டும் தோண்டாதே, சொல்ல வேண்டிய அளவு அவராகவே சொல்வார்.

இந்த ஊரில் 2013 முதல் புற்றுநோய் அறக்கட்டளைக்காக மாரத்தான் நடக்கிறது. ஓடுகிறவர்களுக்குப் படம் உண்டு, மெடல் உண்டு. இருட்டோடு வந்து மேஜை போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிற காலேஜ் பிள்ளைகள், போக்குவரத்தை மறிக்கிற போலீஸ்காரர், காலிக் கோப்பைகளைப் பெருக்குகிற தூய்மைப் பணியாளர், இவர்களுக்கு மலரில் இரண்டு பக்கமாவது ஒதுக்கு. கடைசி ஆள் எப்படி வந்து சேர்ந்தார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும், அந்த நேரத்தில் மற்றவர்கள் டிபனுக்குப் போயிருப்பார்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் குழுவில் சேர்ந்துவிட்டு வராமல் நின்றுபோனவர்கள் இருப்பார்கள். அவர்கள் நம்பர் உன்னிடம் இருக்கும். ‘ஏன் வரலை’ என்று கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும், அதனால் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசு. அடிபட்டதா, வேலை நேரம் மாறியதா, குழுவில் யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா என்று தெரிந்துகொண்டு வா. அவர்கள் எழுதத் தயார் என்றால் முதல் கட்டுரையாக அதைப் போடு.

அன்புடன்,
உன் பெரியம்மா