வண்டல் சொல்லும் சான்று

நுழையும்முன்

ஓடும் நீர் அன்றைய செய்தியைச் சொல்லும். அடியில் படியும் வண்டலோ பல்லாண்டு வரலாற்றைத் தேக்கி வைத்திருக்கும். அவ்வரலாற்றைப் பிழையின்றிப் படிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

சேர்வராயன் மலைப்பகுதியில் தோன்றும் திருமணிமுத்தாறு, சேலம் மாநகரைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. நகரக் கழிவுநீரும் சாயக்கழிவும் அதில் சேர்ந்து வந்துள்ளன. அவற்றின்வழி வரும் காரீயம், துத்தநாகம், குரோமியம் போன்ற உலோகங்களின் பெரும்பகுதி களிமண் துகள்களைப் பற்றிக்கொண்டு ஆற்றடியில் தங்கிவிடுகிறது. ஆதலின், நீரை மட்டும் ஆய்ந்தால் உண்மை முழுமையாக விளங்காது.

இயற்கையா, மாசா?

சேலத்து வெள்ளைக்கல் சுரங்கங்கள் அமைந்த பாறைத்தொகுதியிலும், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைத்தொகுதியிலும் குரோமைட்டு என்னும் கனிமம் உண்டு. புவியோட்டில் ஒரு கிலோகிராமுக்குச் சராசரியாக ஏறத்தாழ 100 மில்லிகிராம் உள்ள குரோமியம், வெள்ளைக்கல் தோன்றும் தூனைட்டு வகைப் பாறைகளில் 1,000 மில்லிகிராமைக் கடப்பதுண்டு. எனவே, வண்டலில் குரோமியம் மிகுந்திருப்பதை மட்டும் கொண்டு தொழிற்கூடங்களைக் குற்றம் சாட்டுதல் தகாது. இயற்கை என்று கூறி மாசினை மறைத்தலும் தகாது. பலருடைய பிழைப்பும் உடல்நலமும் இவ்வளவீட்டைச் சார்ந்துள்ளன.

அளக்கும் நெறி

உலோகக் கரண்டியால் வண்டலை அள்ளினால் கரண்டியின் உலோகமும் கலந்துவிடும்; நெகிழிக் கரண்டியே ஏற்றது. மணலைவிடக் களிமண்ணே உலோகத்தை மிகுதியாகப் பற்றும். ஆகவே, 0.063 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த நுண்துகள்களையே ஒப்பிடுதல் வேண்டும்.

அடுத்து, வண்டலை அமிலத்தில் கரைப்பர். இராஜ திராவகம் தங்கத்தையும் கரைக்கும். ஆயினும் குரோமைட்டை முழுமையாகக் கரைக்காது. பாறைத்துகள்களின் சிலிக்கேட்டைச் சிதைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தேவை. குரோமைட்டுக்கோ அதனினும் கடுமையான முறைகள் வேண்டும். ஒரே வண்டலுக்கு இரண்டு ஆய்வகங்கள் வெவ்வேறு விடை தருவதற்கு இதுவும் ஒரு காரணம். முறையைக் குறிப்பிடாத எண் பொருளற்றது.

ஒவ்வொரு தொகுதியுடனும் மண் சேராத வெற்று மாதிரி, இரட்டை மாதிரி, அளவு முன்பே சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டு வண்டல் ஆகியவற்றையும் ஆய்தல் வேண்டும். ஒப்பீட்டு வண்டலின் அளவு சரியாக வந்தாலன்றி ஏனைய அளவுகளை நம்ப இயலாது.

இறுதியாக, நகருக்கு மேற்புறத்து வண்டலோடும், தொழில்கள் பெருகுமுன் படிந்த ஆழ்வண்டலோடும் ஒப்பிட வேண்டும். இயற்கையின் பங்கும் மனிதரின் பங்கும் அப்போதே பிரிந்து தெரியும். தீர்ப்புக்கு முன் சான்றைச் சோதிப்பதே அறிவியலின் அறம்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் நீர்நிலையில் வண்டல் எடுப்பதாயின், எவ்விடங்களைத் தேர்வீர்கள்? காரணங்களுடன் வகுப்பில் கலந்துரையாடுக.