முதுகெலும்பைப் பேணுதல்

முதுகெலும்பைத் தூண் என்று வருணிப்பது வழக்கம். ஆயினும் தூண் அசையாது நிற்பது. முதுகெலும்போ அசைவதற்கென்றே அமைந்தது. இவ்வேறுபாட்டை உணர்ந்தால், முதுகைப் பேணும் விதிகளுள் பெரும்பாலானவை எளிதில் விளங்கும். எந்த முதுகுவலியைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

அமைப்பு

குழந்தையின் முதுகெலும்பில் பொதுவாக 33 எலும்புகள் உள்ளன. கழுத்தில் 7, மார்பின் பின்புறத்தில் 12, இடுப்பில் 5 ஆக 24 எலும்புகள் தனித்தனியே அசைபவை. அவற்றின் கீழுள்ள 5 எலும்புகள் வளர்ச்சியில் ஒன்றாக இணைகின்றன. கடைசியிலுள்ள சிறு எலும்புகள் சேர்ந்து வாலெலும்பாகின்றன.

அசையும் எலும்புகளுள் பெரும்பாலானவற்றின் இடையே குருத்துத் தட்டுக்கள் அமைந்துள்ளன. இவற்றின் நடுப்பகுதி நீர் மிகுந்தது. பகலில் உடற்சுமையால் அந்நீரில் ஒரு பகுதி வெளியேறுகிறது. இரவில் படுத்திருக்கையில் மீண்டும் ஊறுகிறது. ஆகவே காலையில் நமது உயரம் மாலையில் உள்ளதைவிடச் சுமார் 1 செ.மீ. கூடுதலாக இருக்கும். மாணவர்கள் இதனை வீட்டுச் சுவரில் கோடிட்டு அளந்து அறியலாம்.

சுமையும் நெம்புகோல் விதியும்

10 கிலோ எடையுள்ள தானிய மூட்டையை ஒருவர் தம் உடலை ஒட்டி ஏந்துவதாகக் கொள்வோம். இடுப்புத் தட்டின் மையத்திலிருந்து மூட்டை 20 செ.மீ. தூரத்தில் உள்ளது. முதுகுத் தசைகளோ அம்மையத்திலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தூரத்திலேயே இழுக்கின்றன. ஆகவே மூட்டைக்காக மட்டும் தசைகள் 40 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் இழுக்க வேண்டும். அதே மூட்டையைக் கைகளை நீட்டி 50 செ.மீ. தூரத்தில் ஏந்தினால் 100 கிலோவுக்கு ஈடான விசை தேவைப்படும். எடை மாறவில்லை, தூரமே மாறியது. சுமையை உடலோடு அணைத்து, முழங்காலை மடக்கித் தூக்குக என்னும் விதியின் காரணம் இதுவே.

பள்ளிப் பைக்கும் இது பொருந்தும். பையின் எடை மாணவனின் எடையில் 10 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கை கூறுகிறது. 25 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு இது 2.5 கிலோ ஆகும். பையை இரு தோள்களிலும் மாட்டி, முதுகை ஒட்டி அணிய வேண்டும்.

கையால் செய்யும் சிகிச்சை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் 1895-ஆம் ஆண்டில் டி. டி. பாமர் என்பவர் கைரோபிராக்டிக் முறையைத் தொடங்கினார். நோய்களில் மிகப் பெரும்பாலானவை முதுகெலும்பின் பிறழ்ச்சியால் தோன்றுவன என்று அவர் கருதினார். இக்கருத்தைப் பிற்கால ஆராய்ச்சி ஆதரிக்கவில்லை. எனினும், நாட்பட்ட இடுப்புவலிக்குப் பயிற்சி பெற்றவர் கையால் செய்யும் சிகிச்சை சிலருக்கு ஓரளவு பயனளிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், நோயாளிக்கு விளக்கமளித்தல், உடற்பயிற்சி ஆகியவற்றோடு இதுவும் இடம்பெற்றுள்ளது. இடுப்புப் பட்டி அணிவதையும், இழுவைச் சிகிச்சையையும் அவ்வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை.

சாதாரண இடுப்புப் பிடிப்புக்கு நாட்கணக்கில் படுத்திருத்தல் நன்மை தராது. இயன்ற அளவு நடமாடுவதே விரைவில் குணமளிக்கும். நெடுநேரம் அமர்ந்தோ நின்றோ பணிபுரிவோர் அவ்வப்போது நிலையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கை வைக்கலாகாத முதுகு

கீழ்க்கண்ட குறிகள் இருப்பின் எண்ணெய் தேய்த்து நீவுதலும், காலால் மிதிக்கச் செய்தலும், எலும்பைத் திருப்புதலும் கூடா:

1. வாரக்கணக்கில் நீடிக்கும் வலியுடன் மாலைக் காய்ச்சல், பசியின்மை, உடல் மெலிதல்.
2. முதுகின் நடுவே புதிதாகத் தோன்றும் புடைப்பு அல்லது கூன்.
3. கால்களில் பலக்குறைவு அல்லது மரத்துப்போதல்.
4. மலசலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல்; தொடையிடுக்கில் உணர்ச்சியின்மை.
5. விழுந்து அடிபட்டபின் தோன்றிய கடும் வலி.

முதலிரண்டு குறிகளும் முதுகெலும்புக் காசநோயைச் சுட்டக்கூடும். இந்நோய் எலும்பை அரித்து வலுவிழக்கச் செய்கிறது. அத்தகைய எலும்பை அழுத்தித் திருப்பினால் அது நொறுங்கித் தண்டுவடத்தை நசுக்கலாம். கால்கள் செயலிழக்கவும் நேரிடும். காலத்தில் கண்டறிந்தால் பெரும்பாலோர் மருந்தினாலேயே குணமடைகின்றனர். அரசு மருத்துவமனைகளில் இம்மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நான்காவது குறி தோன்றினால் அன்றைய தினமே, இயன்றால் அந்நேரமே, நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

கிராமத்தில் முதுகுவலியுடையோரைச் சந்திக்கும் களப்பணியாளர் இவ்வைந்து குறிகளையும் முதலில் கேட்டறிதல் வேண்டும். இவற்றுள் ஒன்றும் இல்லாதவருக்கே மேற்கூறிய அன்றாட விதிகள் போதுமானவை.